கவண்காரர்கள் கேட்ட ஒன்று

மலைநாட்டுக் காலாட்படைத் தலைவன் சேந்தன், போருக்குப் புறப்படும் முன் கொற்றியம்மையைப் பார்க்க வந்தான். ஒரு காலத்தில் கோட்டை காத்தவள் அவள். இப்போது மணல் பரப்பிய பலகையில் விரல் உயர மரவீரர்களை நிறுத்தி, படைத்தலைவர்களுக்குப் போர் கற்பித்துவந்தாள்.

ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. இரு பக்கத்துப் படையும் தராசில் ஒரே எடை இருக்க வேண்டும். வீரனுக்கு ஒரு கேடயம் மாட்டினால் எடை ஏறும். கவசம் மாட்டினால் இன்னும் ஏறும். ஆளைக் கூட்டினால் இரும்பைக் குறைத்தாக வேண்டும்.

"உலையில் இருக்கும் இரும்பு எல்லோருக்கும் போதாது," என்றான் சேந்தன். "யாருக்கு எதைக் கொடுப்பது, அம்மா?"

"நிறுத்திக் காட்டு. பார்ப்போம்."

போர் நடக்கவிருந்த கணவாயையும் மலையையும் மணலில் குவித்துவிட்டு, முதலில் எல்லோருக்கும் கவசம் மாட்டினான். ஆள் குறைந்தது. கொற்றியம்மையின் வீரர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அடுத்து கவசங்களைக் கழற்றிவிட்டு, வெறும் வேலோடு பெருங்கூட்டத்தை நிறுத்தினான். அம்புகளுக்கு முன் அது நிற்கவில்லை.

பிறகு வெகுநேரம் யோசித்தான். கவணில் கல் வீசுபவர்களைக் கேடயமில்லாமல் கணவாயின் வாயில் நிறுத்தினான். மிஞ்சிய இரும்பையெல்லாம் வேல்படைக்குக் கவசமாக்கி, அவர்களை மலையைச் சுற்றி அனுப்பினான். பகைவர் கவண்காரர்கள் மேல் பாய்ந்தபோது, வேல்படை பின்னாலிருந்து இறங்கியது.

வென்றுவிட்டான். முகம் மலர்ந்தது.

"இப்படியே செய்துவிடட்டுமா?"

மணலில் சாய்ந்து கிடந்த கவண்காரர்களை ஒவ்வொருவராக எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள் கொற்றியம்மை.

"இவர்களிடம் சொல்லிவிட்டு வா."

சேந்தன் பாசறைக்குப் போனான். கவண்காரர்கள் ஆடு மேய்க்கும் குடியினர். அவர்களை உட்காரவைத்து, எங்கே நிற்கப் போகிறார்கள், கையில் என்ன இருக்காது என்பதை ஒளிக்காமல் சொன்னான். அவர்களின் மூத்தவன் எயினன் எழுந்தான்.

"நிற்கிறோம், தலைவரே. எவ்வளவு நேரம் நிற்கணும்?"

"வெயில் ஏறும் வரை," என்றான் சேந்தன்.

திரும்பி வந்து கொற்றியம்மையிடம் சொன்னான். "கேடயம் கேட்பார்கள் என்று நினைத்தேன். நேரத்தை மட்டும்தான் கேட்டார்கள்."

"வெயில் ஏறும் வரை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பலகையைப் பார்த்தான்.

"கவசத்தைப் போட்டுக்கொண்டு வேல்படை போகும் மலைவழியில் நடந்து பார்," என்றாள்.

மறுநாள் விடியலில் தனியாகப் புறப்பட்டான். சரிவில் கற்கள் உருண்டன. கவசம் தோளை அறுத்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். கணவாயின் பின்புறம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கவண்காரர்கள் நிற்க வேண்டிய இடம் கீழே தெரிந்தது. இந்நேரம் வரை அங்கே ஒருவனும் உயிரோடு இருந்திருக்கமாட்டான்.

அன்று மாலையே கொல்லர்களிடம் போனான். கவசத்துக்கென்று ஒதுக்கியிருந்த இரும்பில் கவண்காரர்களுக்குக் கேடயம் அடிக்கச் சொன்னான். பிறகு வேல்படையிடம் போய், வெறும் மார்போடுதான் மலை ஏற வேண்டும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். சேந்தன் அங்கேயே நின்றான்.

போர் நடந்தது. உச்சிப்பொழுதுக்கு முன்பே வேல்படை மலையைச் சுற்றி வந்து இறங்கியது. கவண்காரர்கள் அப்போதும் கணவாயில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் அல்ல. எயினன் இல்லை.

ஊர் திரும்பிய சேந்தன் கொற்றியம்மையின் முன் வந்து நின்றான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"கணவாய் நம்முடையது, அம்மா."

"கேள்விப்பட்டேன்."

"கவசம் இருந்திருந்தால் வேல்படையில் பலர் பிழைத்திருப்பார்கள். கேடயம் இல்லாமல் போயிருந்தால் கவண்காரர்களில் ஒருவர்கூட மிஞ்சியிருக்கமாட்டார்கள். நான் கொடுத்தது சரிதானா? இரவு பகலாக இதுவே ஓடுகிறது."

கொற்றியம்மையின் பார்வை அவன் இடுப்பிலிருந்த வாளுக்குப் போனது.

"இந்தக் கேள்வி உன்னைவிட்டுப் போகிற நாளில் வந்து சொல். அன்றைக்கே உன் வாளை வாங்கி வைத்துவிடுகிறேன்."