சாக்கட்டி போட்ட கோடு

தாராபுரம் பஸ் டிப்போவுக்கு எதிரே முன்பு ஒரு தையல் கடை இருந்தது. அங்கே தையல்காரர் கிடையாது. கத்தரிக்கோலும் தையல் மிஷினும் தாங்களே வேலை பார்த்துக்கொண்டன. அவற்றோடு புதிதாக வந்து சேர்ந்தது, துணியில் கோடு போடும் ஒரு சாக்கட்டி.

"நான் வெட்டுறேன், மிஷின் தைக்குது. நீ இங்க என்னத்தக் கிழிக்கப் போறே?" என்று கேட்டது கத்தரிக்கோல்.

சாக்கட்டிக்கு வெட்டவும் வராது, தைக்கவும் வராது.

ஒருநாள் கண்டக்டர் செங்கமலம் வந்தாள். கையில் ஆபீஸில் கொடுத்த காக்கித் துணி. அதை விட்டால் மறு துணி அடுத்த வருஷம்தான்.

"கையைத் தூக்கினா சட்டை அக்குள்ல பிரிஞ்சுடுது. நேத்து பஸ்ஸே சிரிச்சுது. மானம் போச்சு. நல்லா அழுத்தித் தைச்சு, பாக்கெட்டுக்கு மூடியும் வச்சுக் குடுங்க" என்றாள்.

"மூணு தையல் ஓட்டிடறேன்" என்றது மிஷின்.

"லூசா வெட்டிடலாம்" என்று கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

"கொஞ்சம் பொறு" என்றது சாக்கட்டி. "அக்கா, பஸ்ஸுல எப்படி நிப்பீங்க? காட்டுங்க."

செங்கமலம் மேலே கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்கி, மறு கையைப் பயணியிடம் நீட்டினாள். பழைய சட்டை மொத்தமும் மேலே ஏறியது.

"தையலை அழுத்தினா துணி கிழியும். லூசா வெட்டினா கோணிப்பை மாதிரி தொங்கும். கை மேல போக அங்க இடமில்ல. அக்குள்ல ஒரு துண்டு வைக்கணும்" என்றது சாக்கட்டி.

ஆனால் அதற்குத் துணி போதவில்லை. "பாக்கெட்டுக்கு மூடி கேட்டீங்களே அக்கா, அதை விட்டுடலாமா?"

அவள் யோசித்தாள். "சில்லறைக்குத்தான் தோள்ல பை இருக்கே. விட்டுடு."

சாக்கட்டி ஆசையாக ஒரு கோடு போட்டது. மிஷின் எட்டிப் பார்த்துத் தயங்கியது. "இப்படி வெட்டினா முனையில சுருங்கும். கிராஸா, சாய்வா வெட்டினாத்தான் துணி இழுத்துக் குடுக்கும்."

சாக்கட்டிக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி போட்டது.

"வெட்டினா வெட்டினதுதான்" என்றது கத்தரிக்கோல். "தப்பாப் போனா?"

"தப்பாப் போனா, என் கோடுதான் தப்புன்னு அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்." சொல்லும்போதே பயத்தில் அதன் ஓரம் உதிர்ந்தது.

சட்டை தயாரானது. செங்கமலம் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். சட்டை நின்ற இடத்தில் நின்றது. நம்பாமல் இன்னொரு முறை தூக்கிச் சிரித்தாள்.

"என்னா வெட்டு! என்னா தையல்!"

கோடெல்லாம் எப்போதோ தட்டி உதறப்பட்டிருந்தது. சாக்கட்டிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அதற்குள் செங்கமலம் ரோட்டைக் கடந்து, கிளம்பின பஸ்ஸில் தாவி, மேல்கம்பியைப் பிடித்து விசில் ஊதினாள். பஸ் திரும்பும்வரை அந்தத் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தது சாக்கட்டி.

அடுத்த துணி மேஜைக்கு வந்தது. கத்தரிக்கோல் வாயைத் திறக்கவில்லை. நகர்ந்து, சாக்கட்டிக்கு இடம் விட்டது.