காக்கை எடுக்காத சோறு

"காக்கை ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்று கேட்டார் பூதலிங்கம்.



அவருடைய அம்மா பிரமு டீச்சர் போய் அன்றோடு பதினாறு நாள். புறவாசல் மதில்மேல் இலை போட்டாயிற்று. சோறு, பருப்பு, நெய். முருங்கை மரத்தில் காக்கை உட்கார்ந்திருந்தது. சோற்றைப் பார்த்தது. வரவில்லை.

காக்கை எடுத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்கலாம். பந்தலில் நாற்பது பேர். மணி ஒன்று.

"டீச்சருக்குப் பிடிச்சது எதையோ விட்டுட்டிய," என்றார் சுடலைமுத்து. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரிடம் படித்தவர்.

"என்ன பிடிக்கும்?"

கேட்ட பிறகுதான் பூதலிங்கத்துக்கு உறைத்தது. அறுபத்தாறு வயது. பெற்றவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஊராரிடம் கேட்கிறார்.

"தேங்காப்பால் சொதி," என்றார் தபால்காரர். "அவங்களே சொன்னாவ. இது எனக்கு உசிருலே, ஒனக்கு இன்னொரு கரண்டி ஊத்தட்டுமான்னு."

"சும்மா கெடயும்," என்றாள் ஆவுடையம்மாள் அத்தை. "அவளுக்கு உளுந்தஞ்சோறுதான். என்னை வளர்த்ததே அவ. எனக்குத் தெரியாதா?"

"கூட்டாஞ்சோறு," என்றார் ஒரு கொத்தனார். "என்கிட்டயும் உசிருன்னுதான் சொன்னாவ."

அக்கம்பக்கத்து அடுப்புகளிலிருந்து எல்லாம் வந்தது. ஓர் இலை போதாமல் மூன்று இலை ஆயிற்று. காக்கை முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூற்று மூன்று வயது வாழ்ந்தவள் டீச்சர். முப்பதில் புருஷன் போனான். பெற்றது நான்கு. நாத்தனார்கள் மூன்று. ஏழு பேரையும் ஆளாக்கினாள். பகலில் பள்ளிக்கூடம். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில், எழுத்தே தெரியாமல் வளர்ந்துவிட்டவர்களுக்கு வகுப்பு. மாட்டுத் தரகர் வருவார். வண்டிக்காரர் வருவார். வந்தவருக்கு முதலில் இலை. அப்புறம்தான் சிலேட்டு.

கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மணி இரண்டரை.

"சோத்துல ஒண்ணும் குறையில்ல," என்றாள் அத்தை. "மனசுல குறை. மூணு வருஷமா வாறேன் வாறேன்னு போன்லயே சொல்லிட்டிருந்தியே, பம்பாய்க்காரா. அவ கோவத்தோட போயிட்டா."

 பதினாறு நாளாகப் பூதலிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

மதிலுக்குப் பக்கத்தில் போனார். கையைக் கூப்பினார்.

"தப்புத்தாம்மா. மன்னிச்சிரு."

காக்கை அலகால் சிறகைக் கோதியது.

"வகுப்பு நிக்காம நான் பாத்துக்கிடுதேன்."

கோதியது.

"பம்பாயை விட்டுட்டு இங்கயே வந்துருதேன்."

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். காக்கை நிமிரவில்லை.

அதுவரை பந்தலின் கடைசியில் நின்றுகொண்டிருந்த பேச்சித்தாய் நடந்து வந்தாள். தெருத்தெருவாகக் கீரை விற்கிறவள். முப்பது வயதில் டீச்சரிடம் வந்து 'அ' எழுதினாள். டீச்சருக்குக் கண் மங்கியதிலிருந்து சாயங்கால வகுப்பை எடுப்பதும் அவள்தான்.

இலைக்கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். தரையில் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். மதிலுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சோறு போடுங்க," என்றாள்.



"ஏட்டி!" என்று பாய்ந்தாள் அத்தை. "கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு? காக்கா இன்னும் எடுக்கல!"

"பசிக்கி."

"பசிச்சா? செத்தவ பட்டினியா நிக்கா, நீ தின்னப் போறியோ?"

பூதலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்திரி," என்றார். "ஒனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு நீ செய்ற மரியாதை இதானா?"

பேச்சித்தாய் எழவில்லை. அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, டீச்சரம்மா சாப்பிட்டு நீங்க பாத்திருக்கியளா?"

"என்ன கேள்வி இது? பெத்த பிள்ளை பாக்காமலா..."

நின்றுவிட்டார்.

பரீட்சைக்குப் போன காலைகள். கல்யாணத்துக்கு மறுநாள். கடைசியாக வந்த தீபாவளி. எல்லாவற்றிலும் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. நீ சாப்பிட்டியாம்மா என்று இவர் தலையைத் தூக்குவார். இலையப் பாருலே என்பாள் அவள். இவர் கை கழுவிவிட்டு வரும்போது அடுப்பங்கரையிலிருந்து பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கும்.

நினைவில் அவ்வளவுதான் இருந்தது. வேறு எதையும் காணோம்.

"அத்தை, நீ பாத்திருக்கியா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தபால்காரர் பந்தல்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது பேரு பசியோட நிக்கோம், அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய்.

 பூதலிங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு இலை போடுங்க."

இலைகள் விரிந்தன. நாற்பதும். எல்லாரும் மதிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சோறு வந்தது. சொதி வந்தது. முதல் கவளத்தைப் பூதலிங்கம் வெகுநேரம் மென்றார். இரண்டாவது இறங்கியது. மூன்றாவதற்குப் பசி வந்துவிட்டது. பதினாறு நாள் பசி.

முதுகுக்குப் பின்னால் மதில்மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. இலை சரசரத்தது.

பூதலிங்கம் தலையைத் தூக்கித் திரும்பப் போனார்.

"இலையப் பாருங்க, அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய்.