செல்வபிரகாசம் போட்ட பூட்டு

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய் கிடையாது. பொய்யா இருந்தா நாளைக்கு நான் வீசுற மாவு கல்லுல விழாம என் தலையிலயே விழட்டும். நம்பாதவங்க எந்திரிச்சுப் போகலாம். நின்னுட்டிருக்கவருக்கு எடம் கிடைக்கும்.

யாரும் எந்திரிக்கல. சரி, கேளுங்க.

ஒரு காட்டுல ஒரு குரு இருந்தாங்க.

காடுன்னா கருவேலங்காடு. நடுவுல ஒரு எஞ்சினியரிங் காலேஜ். குருவுக்குத் தாடியெல்லாம் கிடையாது. நஸ்ரீன் மேடம். முப்பத்தோரு வயசு, ஸ்கூட்டில வருவாங்க. சைபர் செக்யூரிட்டி சொல்லிக் குடுக்கிறவங்க. அதாவது கம்ப்யூட்டருக்குள்ள திருடன் நுழையாமப் பாத்துக்கிற படிப்பு.

சிஷ்யன் பேரு செல்வபிரகாசம். வயசு நாப்பத்திமூணு. கூட்டுறவு பேங்க்ல கம்ப்யூட்டர் பாத்துட்டிருந்தவரு, சம்பளமில்லாத லீவு போட்டுட்டு எம்.டெக் படிக்க வந்தாரு. அவங்க இவர 'சார்'ம்பாங்க. இவரு அவங்கள 'மேடம்'பாரு. இதுல யாரு குரு, யாரு சிஷ்யன்னு புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

நானா? அந்தக் காலேஜ் கேன்டீன்ல பரோட்டா மாஸ்டர். என் படிப்பக் கேக்காதீங்க. அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்னைப் பாத்து ஓடிருச்சு.

ஒரு வியாழக்கிழம. மேடம் டீயும் கையுமா உக்காந்திருக்காங்க. எதுத்தாப்ல செல்வபிரகாசம், லேப்டாப்பத் தொறந்து வச்சுக்கிட்டு.

"மேடம், எனக்கு இன்னும் என்னதான் பாக்கி?"

மேடம் டீய ஊதினாங்க.

"நுழைவுத்தேர்வு எழுதினேன். நாலு செமஸ்டரு, அத்தன கிரெடிட்டும் முடிச்சேன். கணக்கு பேப்பர் ஒண்ணு போச்சு, திரும்ப எழுதி அதையும் பாஸ் பண்ணேன். கம்பெனில ட்ரெய்னிங் போனேன், என் மக வயசுப் புள்ளைங்களுக்கு நடுவுல. மாநாட்டுல கட்டுரை வாசிச்சேன். லைப்ரரில நோ டியூஸ்கூட வாங்கியாச்சு மேடம்! ஆய்வறிக்கை உங்க டேபிள்ல கெடக்கு. கையெழுத்து ஒண்ணுதான் இல்ல."

"ம்."

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் ஆபீசுக்குப் போகலேன்னா என் ரிஜிஸ்ட்ரேஷன் காலி. படிச்சதெல்லாம் தண்ணில போச்சு."

அது நெசம். ஏற்கெனவே ஒரு தடவ தவணை வாங்கியாச்சு, இனிமே கிடையாது. லீவும் முடியுது. திங்கக்கிழம பேங்குக்குப் போகணும். "இந்த வயசுல புத்தகப் பையா"ன்னு சிரிச்ச மேனேஜரு வாசல்லயே நிப்பாரு.

மேடம் கேட்டாங்க, "சார், நீங்க செஞ்ச பூட்ட யாரால உடைக்க முடியும்?"

பூட்டுன்னா இரும்புப் பூட்டு இல்ல. ஒரு ப்ரோக்ராம். கம்ப்யூட்டருக்குள்ள காவக்காரன் மாதிரி உக்காந்திருக்கும். வேத்தாளு உள்ள வந்தா சிவப்பு வெளக்கு போட்டுக் கத்தும். நல்லவன்னா பச்சை. ரெண்டு வருசமா அத அவரு புள்ள மாதிரி வளத்தாரு.

செல்வபிரகாசம் நெஞ்ச நிமித்துனாரு. "யாராலயும் முடியாது மேடம்."

"அப்ப இன்னும் பாக்கி இருக்கு."

"என்ன பாக்கி?"

"போய் உடைச்சுட்டு வாங்க."

"நான் செஞ்சத நானே உடைக்கவா?"

"பின்ன? திருடன் வந்து உடைச்சுக் குடுக்கட்டுமா?"

மனுசன் போனாரு. மத்தியானம் சாப்பிடக்கூட வரல. அவருக்குன்னு எடுத்து வச்ச ரெண்டு முட்டப் பரோட்டாவையும் நானே தின்னேன், உண்மையச் சொல்லணும்ல.

சாயங்காலம் லேப்டாப்போட திரும்பி வந்தாரு. கண்ணு ரெண்டும் மொளகாப்பழம்.

"மேடம், தெரிஞ்ச வழியெல்லாம் பாத்துட்டேன். முன்வாசல், பின்வாசல், ஓட்டப் பிரிச்சு உள்ள எறங்குறது எல்லாம் பண்ணியாச்சு. என் காவக்காரன் அசையல. பாருங்க, இப்பக்கூட ஓடிட்டுத்தான் இருக்கு."

ஸ்க்ரீனத் திருப்பிக் காமிச்சாரு. மூலையில பச்சை வெளக்கு.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க சார்." மேடம் மனசாரத்தான் சொன்னாங்க. செல்வபிரகாசத்துக்கு மொகமெல்லாம் பல்லு.

அப்ப திடீர்னு மேடம் வாசப்பக்கம் பாத்து கத்துனாங்க: "சார்! உங்க வண்டிய எவனோ தள்ளிட்டுப் போறான்!"

செல்வபிரகாசம் ஓடுனாரு பாருங்க. செருப்பு ஒண்ணு இங்க, ஒண்ணு சாம்பார் வாளிக்கிட்ட.

நானும் கரண்டியோட ஓடுனேன்.

வெளிய வண்டி வச்ச எடத்துலயே நிக்குது. அதும்மேல ஒரு காக்கா. வேற யாரும் இல்ல.

திரும்பி வந்தா மேடம் அதே எடத்துல டீ குடிச்சிட்டிருக்காங்க.

"யாரும் இல்லியே மேடம்..."

அதுக்குள்ள படிக்கட்டுல தடதடன்னு சத்தம். லேபுல இருந்து பசங்க மொத்தமும் எறங்கி வருது. "அண்ணே வாழ்க! செல்வா அண்ணே வாழ்க! மாஸ்டர், எனக்கு நாலு!"

இங்க ஒரு வெவரம் சொல்லணும். அவங்க லேபுல ஒரு வழக்கம் உண்டு. எவனாவது கம்ப்யூட்டரப் பூட்டாம எந்திரிச்சுப் போனா, பக்கத்துல இருக்கவன் அவன் பேர்லயே எல்லாருக்கும் ஒரு மெயிலத் தட்டிவிடுவான். 'இன்னைக்குப் பரோட்டா என் செலவு'ன்னு. திரும்பி வந்து இல்லேன்னு சொல்ல முடியாது. வாங்கித்தான் குடுக்கணும். என் பொழப்புல பாதி அந்த வழக்கத்துல ஓடுது, நல்லா இருக்கட்டும்.

அதுல இதுவர மாட்டாத ஒரே ஆளு செல்வபிரகாசம். ஒண்ணுக்குப் போனாலும் கீபோர்டுல ரெண்டு கட்டையத் தட்டி ஸ்க்ரீனப் பூட்டிட்டுத்தான் போவாரு. அதுல அவருக்கு ஒரு மெதப்பு.

இப்ப குனிஞ்சு லேப்டாப்பப் பாத்தாரு.

தொறந்து கெடக்கு. மெயில் போயிருக்கு. அவரு பேர்ல.

மூலையில பச்சை வெளக்கு, ஜம்முன்னு எரியுது.

"சார், உங்க காவக்காரன் ஏன் கத்தல?"ன்னாங்க மேடம்.

"அது எப்படி மேடம் கத்தும்? நீங்க என் பேர்லல்ல உள்ள போயிருக்கீங்க. அதுக்கு நான்தான் உக்காந்திருக்கேன்னு நெனப்பு."

"பாவம்."

"மேடம், இது அட்டாக்கே இல்ல! இது... இது ஏமாத்து!"

"ஓ."

"இது சிலபஸ்லயே கிடையாது!"

"திருடன் சிலபஸ் படிச்சுட்டு வருவானா சார்?"

பசங்க கொல்லுன்னு சிரிச்சானுக. செல்வபிரகாசம் சிரிக்கல.

"உங்கள நம்பித்தான மேடம் விட்டுட்டுப் போனேன்."

மேடம் டம்ளரக் கழுவி வச்சுட்டுப் போயிட்டாங்க. எந்தப் ப்ரொஃபசரு குடிச்ச டம்ளரக் கழுவுறாங்க? நான் பாத்தது அந்த ஒருத்தர மட்டும்தான்.

அவரு அந்த எடத்துலயே உக்காந்திருந்தாரு. பசங்க தின்னு முடிச்சுப் போயாச்சு. நான் கல்லத் தொடச்சாச்சு.

"செல்வாண்ணே, சால்னா மிச்சம் இருக்கு, ஊத்தட்டா?"

"மாஸ்டர், ரெண்டு வருசமா நான் வெளிய இருந்து வர்றவனையே பாத்துட்டிருந்திருக்கேன்."

"சால்னா ஊத்தட்டான்னு கேட்டேன்."

"ஊத்துங்க."

தின்னாரு. எந்திரிச்சாரு. லேபுக்குப் போயிட்டாரு.

மறுநா வெள்ளிக்கிழம. சாயங்காலம். மேடம் அதே பெஞ்சு. செல்வபிரகாசம் வந்தாரு, சட்டை நேத்துப் போட்டது. ஒரு கையில ஃபார்ம், ஒரு கையில லேப்டாப்பு. தொறந்து வச்சாரு.

"கடைசியில ஒரு அத்தியாயம் சேத்திருக்கேன் மேடம்."

மேடம் படிச்சாங்க. மெதுவாப் படிச்சாங்க. எனக்குக் கல்லுல ஒரு பரோட்டாவே கருகிப் போச்சு.

"சார், உங்க பூட்ட யாரால உடைக்க முடியும்?"

"ஒரு ஆளால முடியும் மேடம். என்னால. அதத்தான் எழுதியிருக்கேன். ஓட்டை எங்க இருக்கு, எப்படி நுழையலாம், எதச் சொன்னா நான் எந்திரிச்சு ஓடுவேன், எல்லாம். பரீட்சகர் படிச்சுட்டு 'இவ்வளவு ஓட்டைப் பூட்டுக்கா பட்டம்'னு கேப்பாரு. கேக்கட்டும்."

பேங்க்ல பாதி வாழ்க்கையக் கழிச்ச மனுசன், தான் செஞ்ச சரக்குல கோளாறு இருக்குன்னு தானே எழுதிக் கையில குடுக்குறாரு. என் பரோட்டா ரப்பரு மாதிரி இருக்குன்னு நானா சொல்லுவேன்? அடிச்சாலும் சொல்ல மாட்டேன்.

மேடம் பேனாவ எடுத்தாங்க.

அந்த நேரம் பாத்து அவங்க போன் அடிச்சுது. காதுல வச்சாங்க. மொகம் மாறிருச்சு.

"சார், ஆபீஸ்ல இருந்து. கவுன்டரச் சாத்துறாங்களாம்! ஓடுங்க, ஓடிப்போய் நிறுத்தி வைங்க. நான் கையெழுத்துப் போட்டுப் பின்னாடியே கொண்டுவர்றேன்!"

செல்வபிரகாசம் ஓடுனாரு.

படியில எறங்கி, தண்ணித் தொட்டி தாண்டி, வேப்பமரத்துக்கிட்ட போனவரு டக்குனு நின்னாரு.

அங்கிட்டு ஆபீஸ். இங்கிட்டு லேப்டாப்பு.

"ஓடுங்கண்ணே!"ன்னு நான் கத்துறேன். மனுசன் நிக்கிறாரு. கதவு சாத்திட்டா ரெண்டு வருசமும் போச்சு. மேனேஜரு சிரிப்பு எனக்கே கேக்குது.

திரும்பி ஓடி வந்தாரு.

மேடம் மொகத்தப் பாக்கவே இல்ல. குனிஞ்சாரு. ரெண்டு கட்டையத் தட்டுனாரு. ஸ்க்ரீன் இருட்டாச்சு.

அப்பறந்தான் மூச்சு விட்டாரு.

"மன்னிச்சுக்கோங்க மேடம். உங்கள நம்பாம இல்ல..."

"நம்பாதீங்க சார்."

சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.

"மேடம், கவுன்டரு?"

"செவுத்துல மணியப் பாருங்க."

நாலு இருபது.

"அப்ப அந்த போன்?"

"எங்கம்மா. முட்டை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

செல்வபிரகாசம் கடிகாரத்தப் பாத்தாரு, மேடத்தப் பாத்தாரு. ஃபார்ம வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. ஒரு அடி வச்சவரு நின்னு, திரும்ப வந்து, லேப்டாப்பையும் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நடந்தாரு.

மேடம் சிரிச்சது அன்னைக்குத்தான்.

அவ்வளவுதான் கதை. வாய மூடுங்க, ஈ போகுது.

ஆங், அந்த நீலச்சட்டை அண்ணாச்சி. கதை கேக்குற சொகத்துல போனப் பூட்டாம டேபிள்ல வச்சுட்டு முன்னாடி வந்து உக்காந்துட்டீங்க. எனக்கு இங்கிலீசு வராது. ஆனா உங்க குடும்பக் குரூப்புல தமிழ்ல தட்டலாம்போல இருக்கு. எல்லாருக்கும் பரோட்டா உங்க செலவுன்னு தட்டிட்டேன். மச்சான் ஒருத்தரு "வந்துட்டே இருக்கோம்"னு கும்பிடு பொம்மை போட்டிருக்காரு.

போனு வேணும்னா காச எடுத்து வைங்க அண்ணாச்சி. கதைக்குத் தனி.