பூக்காத பவழமல்லி மீது ஒரு வழக்கு

முன்னொரு காலத்தில் தென்பொழில் என்கிற நாட்டைச் சிங்கமுடி ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், தூக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. சூரியன் உச்சிக்கு வந்தபிறகுதான் அவருக்குப் பொழுதே விடியும்.

திடீரென்று அவருக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்தது. "எல்லார் வீட்டு வாசலிலும் பூச்செடி இருக்கவேண்டும். பூக்காததை வெட்டி எறியுங்கள்!" என்று தண்டோரா போடச் சொன்னார். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பல்லக்கில் ஏறி, வீடு வீடாகப் பார்வையிடவும் கிளம்பிவிட்டார். செம்பருத்தியைப் பார்த்துச் சிரித்தார், அரளிக்கு "ஆஹா" போட்டார். மந்திரி நயினார் வீட்டு வாசலில்தான் முகம் சுருங்கியது. அங்கே சொரசொர இலையோடு ஒரு மரம் நின்றது. மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை.

அது பவழமல்லி. ராத்திரி பூத்து விடியும்போது உதிர்கிற ஜாதி. மந்திரியின் மனைவி உலகம்மை வெயில் வருமுன்பே பூவையெல்லாம் பூஜைக்குப் பொறுக்கிக்கொண்டு வாசலைப் பெருக்கிவிடுவாள். ராஜா கண்ணில் எங்கே படும்?

கூட வந்த கரிவரதனுக்கு வாயெல்லாம் பல். மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த சபைக்காரன் அவன்.

"பிரபு, தினமும் விடியற்காலை இந்த வழியாகத்தான் உலாவப் போகிறேன். இதில் ஒரு மொட்டுகூடப் பார்த்ததில்லை. தங்கள் கட்டளையை மந்திரியே மதிக்காவிட்டால் எப்படி?"

"என்னையே ஏமாற்றுகிறீரா நயினார்? வெட்டுங்கள் இதை!" என்று ராஜா கத்தினார்.

உலகம்மை பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மரம். கதவுக்குப் பின்னால் அவள் விசும்புவது நயினார் காதில் விழுந்தது. ராத்திரி பூக்கும் என்று சொன்னால், கதை விடுகிறார் என்பான் கரிவரதன். ராஜாவும் தலையாட்டுவார்.

"தாராளமாக வெட்டலாம் மகாராஜா. ஆனால் ராஜாவை ஏமாற்றிய குற்றத்துக்குத் தண்டனை, சூரியன் உதிக்கும்போது, ராஜா முன்னிலையில்தான் நடக்கவேண்டும். தாங்கள் போட்ட சட்டம்தானே?" என்றார் நயினார்.

வாஸ்தவம்தான். அந்தச் சட்டம் வந்ததிலிருந்து நாட்டில் ஒருத்தனுக்கும் தண்டனை நடந்ததில்லை. ராஜா எழுந்தால்தானே! ஆனால் இத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்லமுடியுமா? மீசையை முறுக்கிக்கொண்டு, "நாளைக்கே வருகிறேன்!" என்றார்.

அன்று சாயங்காலம் நயினார் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நாளைக்கு மட்டும் வாசல் பெருக்காதே."

"நல்லாருக்கே! ராஜா வர்றார், வாசலைக் குப்பையாப் போட்டு வைக்கிறதா? ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். மரம் வேணுமா, வேண்டாமா?"

உலகம்மை விளக்குமாற்றைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

மறுநாள் விடியலில் ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். தெருமுனையிலேயே வாசனை ஆளைத் தூக்கியது. வாசலில் மண்ணே தெரியவில்லை. பவழக் காம்போடு அத்தனையும் வெள்ளைப் பூ. ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சூழ்ச்சி பிரபு! எங்கிருந்தோ வாங்கிவந்து தூவியிருக்கிறார்!" என்று குதித்தான் கரிவரதன்.

காற்று லேசாக அசைந்தது. பொலபொலவென்று அவன் தலைப்பாகையிலேயே உதிர்ந்தது பூ.

"மந்திரி இங்கேதானே நிற்கிறார்? மேலே உட்கார்ந்து தூவுவது யார் ஓய்?" என்றார் ராஜா. "தினமும் விடியற்காலை உலாவுகிறேன் என்று புளுகினீரே! என்னைவிடப் பெரிய தூங்குமூஞ்சி நீர்தான். நயினார், இத்தனை வருஷம் நான் தூங்கியதற்கு உங்கள் மரத்தைக் குறை சொல்லிவிட்டேனே!" என்று சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். பிறகு உலகம்மை பக்கம் திரும்பி, "அம்மா, எனக்கும் ஒரு கன்று கொடுங்கள்" என்றார்.

உலகம்மை தயங்கவில்லை. "செடி அழகா இருந்தா மட்டும் போதாது மகாராஜா, வச்சிருக்கிறவங்க முழிச்சிருக்கிற நேரத்துல பூக்கணும். உங்களுக்கு அந்திமந்தாரை தர்றேன். சாயங்காலம்தான் பூக்கும்."

நயினார் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ராஜாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு இரண்டும் வேண்டும்! கரிவரதரே, இனி தினமும் விடியுமுன் என்னை எழுப்பிவிடுவது உமது பொறுப்பு!"

அன்றோடு பிடித்தது கரிவரதனுக்குச் சனி. எழுப்பினால், "ஏன் எழுப்பினீர்?" என்று தலையணை பறந்துவரும். எழுப்பாவிட்டால், "பூவெல்லாம் வாடிப்போச்சே!" என்று செருப்பு பறந்துவரும்.

கடைசியில் ஒருநாள், வீங்கின நெற்றியைத் தடவிக்கொண்டே மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"உலகம்மை அம்மா, கொஞ்சம் தாமதமாகப் பூக்கிற பவழமல்லி ஏதாவது இருக்கிறதா?"