மண்ணைப் பேச வைத்தவள்

இருக்கிற வயல் போதாதென்று, குருவாயி ஆடு மேய்க்கும் புல்காட்டையும் உழக் கிளம்பினார் பண்ணையார் நாட்ராயன். வாசலில் வந்து கெஞ்சியவளிடம், “உழாதேன்னு அந்தப் புல்லே சொல்லட்டும், விட்டுடறேன்!” என்றார்.

“புல்லு கூச்சப்படுமுங்க. மண்ணைச் சொல்ல வைக்கிறேன்.”

இரண்டு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் புல்காட்டுக் கட்டி ஒன்றும், காலங்காலமாய் உழுத வயல் கட்டி ஒன்றும் போட்டாள். புல்காட்டுக் கட்டி வேரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தது. வயல் கட்டி கரைந்து கலங்கிப்போனது.

“என் மண்ணுக்கு என்ன கேடு?” பண்ணையாரின் குரல் இறங்கியது.

“களைப்புங்க. புள்ளை பெத்த மகளைக் கட்டிலை விட்டு எறங்க விடுறீங்களா? இந்த வயலு வருசா வருசம் பெத்தவளுங்க.”

பண்ணையார் ஏரை அவிழ்க்கச் சொன்னார்.

“நாளைக்கே உன் ஆட்டுப்பட்டியை என் வயல்ல போடு, எரு விழட்டும். அவளும் தேறட்டும்” என்றார், உள்ளே தூங்கும் மகள் விழித்துவிடாமல், மெல்ல.