பிரேக் பேடும் பின்சீட்டும்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. சீடர் நாச்சிமுத்து மில் சூப்பர்வைசர், மூக்குக்கு மேல் கோபம். குரு சுகன்யா எதிர்வீட்டுப் பெண், மெக்கானிக். அவளைக் குரு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வண்டி விஷயத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் சாலையில் அவர் பைக்குக்குக் குறுக்கே ஒரு நாய் வந்தது. நாச்சிமுத்து பிரேக்கை அழுத்தினார். நாய் பிழைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ருக்மணி கீழே விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் அவர் வண்டியில் ஏறவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் டவுன் பஸ்தான்.

முப்பது வருடம் பின்னால் இருந்த ஆள் இல்லாமல் வண்டி ஓட்டுவது நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர், கடைக்குப் போய், சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடு வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பேடு பெட்டியைக் குருவிடம் காட்டினார்.

"ரேஸ் வண்டிக்குப் போடறது அம்மிணி. இருக்கறதுலயே ஒசத்தி."

"எத்தன வேகத்துல போவீங்ணா?"

"நாப்பது."

"இது சூடானாத்தான் நல்லாப் புடிக்கும். சூடாகறதுக்குள்ள சந்தை வந்துருமுங்ணா."

அவர் முகம் சுண்டிப்போனது. சுகன்யா தன் பையிலிருந்து அந்த வண்டிக்கென்றே வருகிற சாதாரண பேடை எடுத்துக் கொடுத்தாள்.

வேலையை அவரே செய்தார். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்ந்த பேடுகளைக் கழற்றினார். விரலில் இருந்த கிரீஸ் படாமல் புதியவற்றை மாட்டினார். போல்ட்டை முறுக்கினார்.

"இப்ப பிரேக் லிவரை அழுத்துங்ணா. விட்டு விட்டு. கெட்டியாகற வரைக்கும்."

கெட்டியானதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ருக்மணி! வா, ஏறு. பிரேக்கு புதுசு!"

ருக்மணி நிலைப்படிவரை வந்தார். வண்டியைப் பார்த்ததும் மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"அக்கா இருக்கட்டுமுங்ணா" என்றாள் சுகன்யா. "புதுப் பேடு டிஸ்க்கோட படியோணும். இருவது தடவ மெல்லப் புடிச்சு விடோணும். நான் ஓட்டறேன். நீங்க பின்னால உக்காருங்க."

"நானா?"

"நீங்கதானுங்க."

தெருவே பார்க்க, நாச்சிமுத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை. லேஅவுட்டின் காலிச் சாலையில் வண்டி போனது, வேகம் தணிந்தது, மறுபடி போனது.

"இருவது ஆச்சுங்ணா. நீங்க எத்தன எண்ணுனீங்க?"

"பதினொண்ணு. மிச்சம் புடிச்சதே தெரியல."

சுகன்யா கொஞ்ச தூரம் ஓட்டி, சட்டென்று ஒரு பிரேக் போட்டாள். அவர் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் இடித்தது. இரண்டு கையும் சீட்டின் கம்பியைப் பற்றிக்கொண்டன.

"என்ன அம்மிணி இப்படிப் புடிக்கற!"

"தெனமும் நீங்க இப்படித்தானுங்ணா புடிக்கறீங்க. எங்க வாசல்ல இருந்து பாக்கறனே."

வீடு வந்ததும் அவர் இறங்கி நேரே நிலைப்படிக்குப் போனார்.

"இத்தன வருசமும் பின்னால இப்படிக் கம்பியைப் புடிச்சுட்டேதான் உக்காந்திருந்தியா?"

ருக்மணி அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"பழகிப் போச்சுங்க" என்றார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார். ருக்மணியின் மணிக்கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து, தன்னைவிட இருபத்துநாலு வயது சின்னவளின் முன் கைகட்டி நின்றார்.

"அம்மிணி, எனக்குப் பிரேக் புடிக்க வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?"

சுகன்யா தன் ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வண்டி நின்னதே தெரியாம அக்கா பாட்டுக்குப் பேசிட்டிருப்பாங்க பாருங்க. அன்னிக்குத் தெரியுமுங்ணா."