வாளியில் பிடித்த நெட்

சங்ககிரி பைபாஸ் ஓரத்து லாரி புக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் நாலு, நெட் கனெக்‌ஷன் ஒன்று. அந்த ஒன்று பூங்கோதையின் மேசையில் இருந்தது. மற்ற மூணு பேரில் யாருக்கு நெட் வேண்டுமென்றாலும் அவள் எழுந்து இடம் விட வேண்டும். பாதி நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். கடைசியில் முதலாளிக்கு மனசு இரங்கி, நாலுக்கும் நெட்டைப் பங்கிட்டுக் கொடுக்க, நெட் வேலை பார்க்கிற குழந்தைவேலுவை வரச் சொன்னார்.

குழந்தைவேலு காலை பத்து மணிக்கு வந்தார். வந்த கையோடு ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரே நெட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு டீ கேட்டார்.

வாசலில் ஜவ்வரிசி லோடோடு டிரைவர் அர்த்தனாரியின் லாரி நின்றது. ஹைதராபாத் போகிற வண்டி. சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில்லை நெட்டில் போட்டுக் கையில் கொடுத்தால்தான் கிளம்ப முடியும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மதியத்துக்குள் கிளம்பினால்தான் லோடை இறக்கிவிட்டு வந்து சபையில் உட்கார முடியும். எவ்வளவு நேரம் ஆகுமென்று உள்ளே வந்து கேட்டார்.

அரை மணி என்றார் குழந்தைவேலு. அதோடு நிறுத்தியிருக்கலாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இருநூறு கம்ப்யூட்டரை ஒரே ஆளாக இணைத்தாராம். இவர் முதல் முடிச்சைப் போடும்போது அடுப்பில் வைத்த பால், கடைசி முடிச்சைப் போடும்போதுதான் பொங்கியதாம். பாலை எந்த ஊரில் அடுப்பில் வைத்தார்கள் என்று அர்த்தனாரி கேட்டார். குழந்தைவேலு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடுநடுவே கை என்னவோ வேலை செய்தது. மேசைக்கு மேசை கேபிள் இழுத்தார், ஒரு புதுப் பெட்டியை வைத்து எல்லாவற்றையும் அதில் செருகினார். வாய் மட்டும் வால்பாறைக்குப் போயிருந்தது. அங்கே எஸ்டேட்டில் கேபிள் இருபது அடி குறைந்துவிட்டதாம். ஒரு முனையை யானையின் துதிக்கையிலும் மறுமுனையை வாலிலும் கொடுத்து நிறுத்தினாராம். யானைக்குள் புகுந்து போன நெட், போனதைவிட வேகமாக வெளியே வந்ததாம்.

பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா என்று கேட்டாள்.

"அவசரப்படாதீங்க அம்மிணி. அவசரப்பட்டுத்தான் ஈரோட்டுல ஒருத்தன் கேபிளை வெட்டிப்புட்டான். நெட்டு பூராம் ரோட்டுல ஒழுகிப் போச்சு. நான் போயி வாளி வெச்சுப் புடிச்சேன்."

"எத்தனை வாளிங்க?" என்றாள் பூங்கோதை.

"மூணு வாளி, ஒரு குடம். குடத்துல புடிச்சதுல சோறாக்கின வீட்டுல இன்னைக்கும் செல்லுக்கு ரீசார்ஜே பண்றதில்லை."

அர்த்தனாரி சிரிக்கவில்லை. வெளியே போய்த் தார்ப்பாய்க் கயிற்றை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தார்.

ஒரு மணிக்குக் குழந்தைவேலு எல்லாக் கம்ப்யூட்டரையும் போட்டார். நாலிலும் நெட் இல்லை. பங்கீடு என்னவோ சமமாகத்தான் நடந்திருந்தது. நெட் சிங்கப்பூரிலிருந்து கடல் வழியாக வருகிறது, இன்றைக்கு அலை ஜாஸ்தி, சாயங்காலம் இறங்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

வாசலில் அர்த்தனாரி போனில் மனைவியிடம், நான் வராவிட்டால் மச்சானை வைத்துத் தட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்வது கேட்டது. எதையாவது தொட்டு, இருப்பதும் கெட்டால் பழி தன் தலையில்தான் விழும் என்று பூங்கோதைக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து அந்தப் புதுப் பெட்டியிடம் போய்க் குனிந்தாள். விளக்கெல்லாம் வெறி பிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. நெட் வருகிற மோடம் சுவரில் தனியாகத் தொங்கியது. அதற்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கேபிளும் இல்லை. பெட்டியில் செருகியிருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனாள். நாலு கேபிள் நாலு மேசைக்குப் போயின. ஐந்தாவது, பெட்டியில் புறப்பட்டு அரை வட்டம் அடித்து அதே பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது.

அதன் ஒரு முனையைப் பிடுங்கி மோடத்தில் செருகினாள். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. நாலு கம்ப்யூட்டரிலும் நெட் வந்தது. ஒன்று இருபதுக்கு இ-வே பில் அர்த்தனாரியின் கையில் இருந்தது. அவர் கை கூப்பிவிட்டு வண்டியில் ஏறினார். வெள்ளிக்கிழமை காலை நிச்சயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குழந்தைவேலு ரசச் சோற்றை அள்ளியபடியே, "நான் வேணும்னேதானுங்க அம்மிணி விட்டு வெச்சேன். நீங்க கண்டுபுடிக்கறீங்களான்னு பாத்தேன்" என்றார்.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. பவானியில் ஒரு ஜமக்காளக் கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அங்கே நெட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒருவர் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாராம். தான் தொழில் கற்றுக்கொடுத்த சங்ககிரி அம்மிணி பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்களாம், நாலு கம்ப்யூட்டருக்கும் நெட் வந்து, மிஞ்சியது பக்கத்து டீக்கடை பாய்லரில் ஏறித் தண்ணீர் தானாகக் கொதித்ததாம். இதெல்லாம் மெய்தானா என்று கேட்டாள்.

"பாதி மெய்தானுங்க" என்றாள் பூங்கோதை. "பொட்டியை நான் பாத்தேன். அவரு பாக்கலீங்க."